மணிவண்ணன் சொன்ன மிஷின்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் சுனாமிக்குப் பிறகு வீட்டுக்கு வீடு செல்போன் வந்தது. எந்த போன் வாங்குவது என்ற கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான் இருந்தது. மணிவண்ணனைக் கேளு.

அவன் அந்த ஊர்ப் பையன்தான். அலையில் வீடு போனபின் செம்மண்டலத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டான். கடலுக்குப் போனால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும் என்பதால் அப்பா முன்பே அவனைச் சிதம்பரத்தில் டிப்ளமோ படிக்க வைத்திருந்தார். படித்து முடித்துத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். விற்பதற்காகப் பொய் சொல்ல மாட்டான். அதுதான் ஊரில் அவன் எடுத்த பெயர். "இது கேமரா நல்லாருக்கும், பேட்டரி ஒரு நாள் நிக்காது. ஒனக்கு எதுக்கு கேமரா?" என்று கடை முதலாளி காதுபடவே சொல்வான். புதுசாக ஒரு போன் வந்தால் உப்புத்தண்ணீர் பட்ட கையோடு ஒரு வாரம் வைத்துப் பார்ப்பான். பட்டன் இறுகுகிறதா, ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீன்பிடிக்கிற ஆட்களுக்குச் சொல்வான்.

2006-ல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கருத்து எழுதும் இணையதளம் ஒன்றில் ஒரு போனைப் பற்றி அரைகுறை இங்கிலீஷில் எழுதிப் போட்டான். உப்புக்காற்றில் மூன்றே மாதத்தில் அது எப்படிச் செத்தது என்று பத்து வரி. எங்கெங்கிருந்தோ ஆட்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதைப் பொண்டாட்டி சரண்யாவிடம் மூன்று தரம் சொன்னான். பிறகு வாரத்துக்கு ஒன்று எழுதினான். ரேடியோ, டார்ச், பாட்டு கேட்கிற கருவி, வீடியோ பிளேயர், எதையும் விடவில்லை. சிதம்பரம் கீழவீதியில் இருந்த தியாகேசன் என்பவர் அந்தத் தளத்தில்தான் பழக்கமானார். இறால் பண்ணைகளுக்கும் வயல்களுக்கும் நிலம் அளந்து கொடுப்பவர். இருவரும் எழுதியே சண்டை போட்டு, எழுதியே சிநேகிதர்களானவர்கள்.

2008-ல் ஓடம்-2 வந்தது. சென்னையில் ஒரு சின்ன கம்பெனி செய்த ஜி.பி.எஸ். கருவி. கையடக்கம், தமிழ் எழுத்து, தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். கரையில் நின்று ஒரு பட்டனை அமுக்கினால் அந்த இடத்தைப் பதிந்துகொள்ளும். நடுக்கடலில் எங்கிருந்தாலும் ஒரு அம்புக்குறி அந்த இடத்தைக் காட்டும். மணிவண்ணன் அதை மூன்று நாள் மச்சான் விஜயகுமாரின் ஃபைபர் போட்டில் கொடுத்தனுப்பிப் பார்த்தான். மூன்று நாளும் அம்புக்குறி கரையை நேராகக் காட்டியது. ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினான். கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துத் தமிழாக்கி, அவன் படத்தோடு நோட்டீஸ் அடித்தார்கள். கடலூர் மணிவண்ணன் சொல்கிறார் என்று தலைப்பு. ஒரே மாதத்தில் தேவனாம்பட்டினத்தில் மட்டும் பதினோரு போட்டில் ஓடம்-2 ஏறியது. முதலில் வாங்கியது சரண்யாவின் அண்ணன் விஜயகுமார்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை தியாகேசன் போன் செய்தார்.

"மணிவண்ணன், நீங்க ஓடத்துல பேட்டரி மாத்திப் பார்த்தீங்களா?"

"மூணு நாள்ல தீரல சார். மாத்தல. ஏன்?"

"மாத்தினா, பதிஞ்சு வச்ச எடம் நகர்ந்துடுது. கிள்ளையில ஒரு வயல் மூலைக்கல்லைப் பதிஞ்சு வச்சிருந்தேன். பேட்டரியைக் கழட்டி மாட்டினேன். இப்ப அந்த மூலைக்கல் தென்கிழக்கே கடலுக்குள்ள இருக்கு. அஞ்சு தடவை பார்த்துட்டேன். அஞ்சு தடவையும் கடல்தான்."

மணிவண்ணன் போனை வைத்ததும் கம்பெனிக்குப் பேசினான். அங்கிருந்தவர் நிதானமாகத்தான் பேசினார். சாஃப்ட்வேரில் சின்ன கோளாறு, மாசக் கடைசியில் சரி செய்து கொடுத்துவிடுவோம், அதுவரை யாரிடமும் சொல்லிப் பீதியைக் கிளப்பாதீர்கள், உங்கள் பெயர்தான் நோட்டீஸில் இருக்கிறது, உங்களுக்கும் நல்லதில்லை என்றார்.

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கடலில் போய் யார் பேட்டரி மாற்றப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பதினோரு வீட்டு வாசலில் போய் நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்வதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தான். வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம்.

சனிக்கிழமை விடிகாலை விஜயகுமார் மூன்று பேரோடு கடலுக்குப் போனான். ஞாயிறு மதியம் திரும்ப வேண்டியவன். சனிக்கிழமை சாயங்காலமே வானம் மூடிக்கொண்டு மழை பிடித்தது. மற்ற போட்டுகள் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. திங்கட்கிழமை காலையில் சரண்யா கடைக்குப் போன் செய்தாள்.

"அண்ணன் இன்னும் வரலையாம். அம்மா அழுவுறாங்க. நான் பட்டினம் போறேன், நீங்களும் வந்துடுங்க."

அவன் கரைக்குப் போனபோது பத்து மணி. நாலு போட்டுகள் தேடப் போகத் தயாராக நின்றன. ஊர்ப் பெரிய ஆள் கலியமூர்த்தி மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். காற்று தெற்கேயிருந்து அடிக்கிறது, நீரோட்டமும் வடக்கே போகிறது, இன்ஜின் நின்றிருந்தால் வடக்கேதான் தள்ளிப் போயிருப்பார்கள், புதுச்சேரிக்குக் கிழக்கே பாருங்கள் என்றார். யாரோ ஒருவர், "கையில மிஷின் இருக்கு. வழி தவறியிருக்க மாட்டாங்க. இன்ஜின்தான் மக்கர் பண்ணியிருக்கும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மணிவண்ணனைப் பார்த்தும் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். தென்கிழக்கே பாருங்கள் என்று இரண்டே வார்த்தை. குப்பு அத்தை, விஜயகுமாரின் அம்மா, படகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சரண்யா. மணிவண்ணன் வாயைத் திறக்கவில்லை. நாலு போட்டும் வடக்கே போயின.

மறைவாகப் போய்த் தியாகேசனுக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தார். கம்பெனிக்குப் போட்டான். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது ஒரு பெண் குரல், பிறகு பாட்டு. இருபது நிமிஷம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வெயிலும் மழையுமாக நின்றான். கடைசியில் ஒருவர் எடுத்து, "உங்க மச்சான் பேட்டரி மாத்தினார்னு ப்ரூஃப் இருக்கா சார்?" என்று கேட்டார்.

சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான். எவ்வளவு தூரம் நகர்கிறது என்று சரியாகத் தெரிந்துகொண்டு வந்து சொன்னால் தேடுவதற்கு உதவும் என்று நினைத்துக்கொண்டான். அது உண்மைதான். கரையில் நிற்க முடியாமல் ஓடினான் என்பதும் உண்மைதான். இரண்டில் எது அவனை பஸ்ஸில் ஏற்றியது என்று பின்னாளில் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறான்.

தியாகேசன் வீட்டில் இல்லை. வேலையாகப் போயிருக்கிறார், வரும் நேரம்தான் என்றாள் அவர் மனைவி பார்வதம். கொடுத்த காபி ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தான். மூன்றரை மணிக்குத் தியாகேசன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூட மாற்றாமல் மேப்பை விரித்தார். தன் கருவியில் பேட்டரியைக் கழற்றி மாட்டிக் காட்டினார். கடலூர் கரையைப் பதிந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று அளந்து ஒரு புள்ளி வைத்தார். கரையிலிருந்து ரொம்ப தூரம், தென்கிழக்கே, வெறும் நீலம்.

"அம்புக்குறியை நம்பியிருந்தா, கரைக்குப் போறோம்னு நெனச்சுக்கிட்டு உள்ள போயிருப்பாங்க. டீசல் தீர்ற வரைக்கும்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "காலையிலயே அவங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

மணிவண்ணன் மேப்பை மடித்தான்.

கரைக்குத் திரும்பும்போது மணி ஆறு. வடக்கே போன போட்டுகள் வெறுங்கையோடு வந்திருந்தன. அவன் நேராகக் கலியமூர்த்தி முன்னால் போய் மேப்பை விரித்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல ஆட்கள் கூடினார்கள். முடித்ததும் சரண்யாதான் கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழம."

"அண்ணன் சனிக்கிழம போச்சு."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அவள் அம்மாவின் பக்கத்தில் போய் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கலியமூர்த்தி மேப்பை எடுத்து உதறி, "இவன அப்பறம் பாத்துக்கலாம். டீசல் ஏத்துங்கடா" என்றார். காற்று கூடியிருந்ததால் செவ்வாய்க்கிழமை விடிந்துதான் போட்டுகள் கிளம்ப முடிந்தது.

புதன்கிழமை விடிகாலையில் தரங்கம்பாடிக்கு நேர்கிழக்கே அவர்களைக் கண்டார்கள். மூன்று பேருக்கு உயிர் இருந்தது. நாலாவது ஆள் பக்கிரி, ஐம்பது வயசுக்காரர், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் செவ்வாய்க்கிழமை மதியம் போய்விட்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் போட்டுகள் தென்கிழக்கே போயிருந்தால் என்று ஊரில் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். மணிவண்ணன் அவர்களுக்கு முன்னாலேயே போட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மச்சானைப் பார்க்கப் போனான். விஜயகுமாரின் உதடு வெடித்திருந்தது. அவனே பேச்சை எடுத்தான்:

"தென்காத்து எடக் கன்னத்துல அடிச்சா கரை எதிர்க்க இருக்குன்னு அர்த்தம். சின்ன வயசுலேந்து தெரியும் எனக்கு. அன்னிக்கு பேட்டரி மாத்தினப்பறம் மிஷின் வேற சொல்லிச்சு, காத்து வேற சொல்லிச்சு. பக்கிரி அண்ணன் காத்தத்தான் நம்பச் சொன்னாரு. எங்க மச்சான் பாத்துக் குடுத்த மிஷின், தப்பா காட்டாதுன்னு நான்தான் சொன்னேன்."

அதற்குப்பின் அவன் மணிவண்ணனோடு பேசியதில்லை.

மீதிப் பத்து வீட்டுக்கும் மணிவண்ணன் நடந்தே போய்க் கருவிகளைத் திருப்பி வாங்கினான். சில வீட்டில் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் தெருவில் வீசினார்கள், குனிந்து பொறுக்கிக்கொண்டான். இணையதளத்தில் தன் பழைய கருத்தை அழிக்காமல் அதன் கீழேயே நடந்ததை எழுதினான். தனக்கு முன்பே தெரியும் என்பதையும் எழுதினான். கம்பெனி அதை எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. எடுக்கவில்லை. கடையில் வேலை போயிற்று. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தியாகேசன் பார்த்துக் கொடுத்த ஒரு மேஜையில் போன் ரிப்பேர் செய்தான். எது நல்ல போன் என்று கேட்டால், தெரியாதுங்க என்பான். சரண்யா மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். வந்தபின் சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அண்ணன் பெயரை அவன் எதிரில் எடுப்பதில்லை. ராத்திரிகளில் அவன் அலைந்து தளர்ந்து வந்து படுக்கும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பாள்.

அடுத்த வருஷம் பக்கிரியின் மனைவி லோகநாயகி அவனைத் தேடிச் சிதம்பரம் வந்தாள். மேஜை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"விஜயகுமாரும் நானும் கடலூர்ல நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடப்போறோம். வக்கீல் ஒன்ன சாட்சியா கூப்புடச் சொல்றாரு."

"வர்றேன் அண்ணி. ஆனா சாட்சியா வேணாம். கம்பெனியோட என்னையும் எதிர்மனுதாரரா போடச் சொல்லுங்க."

"வக்கீல் வேணாங்கறாரு தம்பி. கம்பெனிக்காரன் எல்லாத்தையும் ஒம்மேல தள்ளிடுவானாம்."

"தள்ளட்டும்."

அவள் அவனைப் பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை அது. "சரி, போடச் சொல்றேன்" என்று எழுந்து போனாள்.

வக்கீல் சொன்னபடிதான் நடந்தது. மணிவண்ணனுக்குத் தெரிந்தும் எச்சரிக்கவில்லை என்று கம்பெனி வக்கீல் தேதிக்குத் தேதி எழுந்து சொன்னார். ஒவ்வொரு தரமும் மணிவண்ணன் எழுந்து, ஆமாம் என்றான். மூன்று வருஷம் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் அலைந்தான். 2012-ல் கம்பெனியும் மணிவண்ணனும் பொறுப்பு, இருவரும் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கம்பெனிக்கு அனுப்பிய நகல், அப்படி ஒரு ஆபீஸ் அந்த முகவரியில் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. எதிர்மனுதாரர்களில் கைக்கு அகப்பட்டவன் மணிவண்ணன் ஒருவன்தான்.

தீர்ப்பு நகலை வாங்கிய அன்றைக்கு லோகநாயகி கோர்ட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, படிக்கச் சொல்லி அவனிடமே நீட்டினாள். விஜயகுமார் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். மணிவண்ணன் ஒன்பது பக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னான். தன் பெயர் வந்த இடங்களையும் விடாமல் சொன்னான்.

முடித்ததும் அவள் கேட்டாள். "இதுல அவுரு பேரு எத்தன எடத்துல வருது?"

அவன் முதலிலிருந்து திருப்பிப் பார்த்தான். "ரெண்டு எடத்துல அண்ணி."

"மத்த எடத்துல எல்லாம்?"

"இரண்டாம் மனுதாரரின் கணவர்னு போட்டிருக்கு."

அவள் காகிதத்தை வாங்கினாள். பக்கிரி என்று இருக்கும் அந்த இரண்டு இடத்தையும் விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். அவன் காட்டினான். அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள், தெரியாத எழுத்துதான். பிறகு நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பட்டினம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.