எண்பது பையும் ஒரு டப்பாவும்

போன வாரம் மகளுக்கு ஆன்லைனில் செருப்பு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் செருப்புக்கு முன்னால் என் மடியில் விழுந்தது ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம். சாப்பிடக் கூடாது என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. அதில் தமிழ் இல்லை. நாம் சாப்பிடலாம் போலிருக்கிறது.

"அத தூக்கிப் போடுங்க, என்னாத்துக்குத் தடவிக்கிட்டே இருக்கீங்க" என்றாள் மனைவி. நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சிதம்பரத்தில் இது மழைக்காலம். அப்பளம், தீப்பெட்டி, நான், எல்லாம் நமுத்துக் கிடக்கிறோம். வீட்டில் காய்ந்திருக்கும் ஒரே பொருளை எப்படித் தூக்கிப் போடுவது?

உள்ளே கண்ணாடி மணி மாதிரி இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். சிலிக்கா ஜெல் என்று பெயர். எங்கள் தெருவிலேயே இதைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான்தான். அதற்கு இதுவரை யாரும் சால்வை போர்த்தவில்லை. அந்தப் பொட்டலத்துக்கு வாசனை கிடையாது என்பார்கள். எனக்கு மட்டும் அதிலிருந்து சூடான பன் வாசனை வரும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கடலூர் சிப்காட்டில், சாயப்பொடி செய்கிற ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸ் உதவியாளனாக இருந்தேன். சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் ரயில். திரும்பி வரும்போது வேர்வை மஞ்சளாக வழியும். யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஊர் வரை காலை நீட்டிக்கொண்டு வருவேன். அந்தக் கம்பெனி எனக்குக் கொடுத்த ஒரே சலுகை அதுதான்.

பொடி வெளிநாட்டுக்குப் போகும். கப்பலில் பல வாரம். ஈரம் பட்டால் கட்டிப் பிடித்துக் கல்லாகிவிடும், வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் ஒவ்வொரு பீப்பாயிலும் இரண்டு துணிப் பை போடுவோம். மெல்லிய வெள்ளைத் துணி, உள்ளே நீல மணிகள். காய்ந்திருக்கும்வரை நீலம். ஈரம் குடித்து வயிறு நிறைந்தால் ரோஸ்.

இந்த நிற விவரம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடும் அல்லவா?

ஒரு சனிக்கிழமை. நாலு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. திங்கள் காலை நாற்பது பீப்பாய் ஏற்ற லாரி வரும். பைகள் வந்த தகர டின்னைப் பிரித்தேன். எங்கள் வீட்டில் அரிசியோ மிளகாயோ, எதையும் ஒரு வெயில் காட்டாமல் உள்ளே வைக்க மாட்டார்கள். ஈரம் உறிஞ்சுகிற சாமானுக்கு ஒரு வெயில் காட்டினால் இன்னும் நன்றாக உறிஞ்சுமே என்று என் மூளை சொன்னது. எண்பது பையையும் மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினேன். காக்கா வராமல் இருக்கக் கறுப்புத் துணி வேறு கட்டினேன். கடல் காற்று ஜிலுஜிலுவென்று வீசியது. சாப்பிட்டுவிட்டுப் பெருமையாகத் தூங்கினேன்.

நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் ரோஸ். வெயிலில் சாயம் வெளுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அள்ளி வந்தேன்.

பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவள் ஸ்டெல்லா. கடலூர் முதுநகர்க்காரி, என் வயதுதான், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். மூன்று வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தாள். ஜனவரியில் நிரந்தரமாக்கப்போகிற மூன்று பேர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வீட்டில் அதைச் சொல்லித் தம்பியைக் காலேஜில் சேர்த்திருந்தார்கள்.

பைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்க வச்சிருந்த?"

"வெயில்ல."

"வடாமாப்பா இது? கடலத் தூக்கி உள்ள ஊத்தி எடுத்தாந்திருக்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புது டின் சென்னையிலிருந்து வர மூன்று நாள். மேனேஜரிடம் சொன்னால் லாரி நிற்கும், கப்பல் போய்விடும். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன நானும் போய்விடுவேன். ஸ்டெல்லா கொஞ்ச நேரம் பேனாவால் மேஜையைத் தட்டினாள்.

"சூடு பண்ணா திரும்பவும் நீலமாயிடும். டின்லயே போட்டிருக்கான். படிக்கத் தெரியுந்தானே ஒனக்கு?"

எண்பது பையையும் டின்னையும் ஒரு சாக்கில் போட்டு, சாம்பிள் என்று எழுதி வெளியே கொண்டுவந்தோம். கேட்டில் வாட்ச்மேன் கையை விட்டுப் பார்த்தார். "என்னாய்யா இது, ஜவ்வரிசியா?" "அது மாதிரி" என்றேன். "பாயசம் வச்சா சொல்லு" என்று விட்டுவிட்டார்.

முதுநகரில் ஸ்டெல்லா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் விறகு அடுப்பு வைத்த ஒரு பேக்கரி. லால்பேட்டைக்கார பாய் ஒருவர் நடத்தினார். காலையில் பன் போட்டு முடித்தால் அந்த அடுப்பு மத்தியானம் முழுக்கத் தணலில் காய்ந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அப்படியே வந்தாள் ஸ்டெல்லா, தலையில் முக்காடு, கையில் கத்தரிக்கோல்.

"திங்கிற சாமானாம்மா?" என்று கேட்டார் பாய்.

"இல்ல பாய். திங்கக் கூடாது."

"அப்ப என் தட்டுல கொட்டாத. வேற கொண்டா. நாளைக்கு எவனாவது வயித்து வலின்னு வந்தா அல்லாவுக்கு நான்ல பதில் சொல்லணும்."

நான் ஓடிப்போய் நாலு தகரத் தட்டு வாங்கி வந்தேன். பைகளை வெட்டி மணிகளைக் கொட்டி அடுப்பில் தள்ளினோம். பாய் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டார், "இன்னும் வேவலையா?" நான் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் தட்டை இழுத்தபோது அத்தனையும் நீலம். ஓரத்தில் மட்டும் ரோஸ் இருப்பது போல எனக்குத் தோன்றியது. ஸ்டெல்லாவுக்குத் தோன்றவில்லை. டின்னில் கொட்டி இறுக்கி மூடி, மறுநாள் விடிந்ததும் ஸ்டோர்ஸில் பைகளில் நிரப்பித் தைத்தோம். லாரி போனது. பேக்கிங் ஷீட்டில் 'பைகள் புதியவை' என்ற வரிக்கு நேரே ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள். எனக்காகத்தான்.

அதன் பிறகுதான் எனக்கு வியாதி ஆரம்பித்தது.

ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் எடுத்து, அதே மணிகளில் கொஞ்சம் ஒரு சின்னப் பையில் கட்டிப் போட்டு, ஒரு தகர டப்பாவில் மூடி அலமாரியில் வைப்போம். கப்பலில் என்ன நடக்கிறது என்பதற்கு அந்த டப்பாதான் சாட்சி என்று நான் முடிவு செய்துகொண்டேன். காலையில் வந்ததும் திறந்து பார்ப்பேன். நீலம். டீ குடித்துவிட்டுத் திறப்பேன். நீலம். கிளம்பும் முன் ஒரு தடவை. ரயிலில் வரும்போது சரியாகத்தான் பார்த்தோமா என்று ஒரு சந்தேகம்.

"ஏம்ப்பா, அடைகாக்குற முட்டையத் தெனம் தட்டிப் பாக்குற மாதிரி இருக்கு ஒன் வேல" என்றாள் ஸ்டெல்லா. "மூடி வச்சத மூடியே வையி."

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் டப்பாவைத் திறந்தேன். ரோஸ்.

கடலுக்கு நடுவில் நாற்பது பீப்பாயும் கல்லாகிக்கொண்டிருப்பது கண் முன்னால் தெரிந்தது. பழி ஸ்டெல்லா மேல் விழும். அதற்கு முன்னால் நான் முந்திக்கொள்ள வேண்டும். சினிமாவில் தூக்கு மேடைக்குப் போகிறவன் மாதிரி மேனேஜர் அறைக்குள் போனேன். வெயில், ரோஸ், பேக்கரி, எல்லாம் சொன்னேன். "எல்லாம் என் தப்பு சார், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்று முடித்தேன்.

மேனேஜர் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். "அப்ப புதுசுன்னு கையெழுத்துப் போட்டிருக்கிறது யாரு?"

பேக்கரி வரைக்கும் சொல்லிவிட்டு ஒண்ணும் தெரியாது என்றால் எப்படி? அதைக்கூட யோசிக்காமல் போயிருக்கிறேன். என்னை வாயில் வந்தபடி திட்டி, போய் வேலையைப் பார் என்றார்.

லீவு முடிந்து ஸ்டெல்லா கேக்கோடு வந்தாள். பட்டியலில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மேனேஜரிடம் போனதைச் சொல்லி, டப்பாவைக் காட்டினேன். திறந்து பார்த்தாள்.

"எத்தன தடவ தொறந்த?"

"தெனம் நாலஞ்சு."

"மழ காலத்துல தெனம் அஞ்சு தடவ தொறந்தா அது குடிக்காம என்னா செய்யும்?"

கப்பலில் யாரும் பீப்பாயைத் தினம் ஐந்து தடவை திறந்து பார்க்கவில்லை. பொங்கலுக்குள் தகவல் வந்தது: சரக்கு சேர்ந்துவிட்டது, பொடி மாவு மாதிரி உதிர்கிறது, அடுத்த ஆர்டர் வருகிறது. மேனேஜரிடம் போய்க் கெஞ்சினேன். "பொருள் நல்லா இருக்கு. ஷீட்டு பொய்தானே?" என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. உண்மையைச் சொன்னதற்காக.

மாதக் கடைசியில் ஸ்டெல்லா நின்றுவிட்டாள். கடைசி நாள் அந்த டப்பாவில் வேறொரு பையைப் போட்டு, மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டி என் மேஜையில் வைத்தாள்.

"உள்ள நீலமா, ரோஸா?" என்று கேட்டேன்.

"பாத்தியா, இப்பவே கேக்குற" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "தொறக்காம வச்சுரு, பாப்போம்."

புதுச்சேரியில் ஏதோ பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் என்று ஒரு தடவை கேள்விப்பட்டேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. விறகு அடுப்பு நின்ற மூலையில் ஒருவன் உட்கார்ந்து கண்ணாடிக் கவர் ஒட்டுகிறான். அந்த நீல மணியும் இப்போது அவ்வளவாக வருவதில்லை, உடம்புக்கு ஆகாதாம். செருப்போடு வந்த இதில் நிறமே கிடையாது. எவ்வளவு குடித்திருக்கிறது என்று எப்போதும் சொல்லாது.

டப்பா என் பீரோவில் இருக்கிறது. வாடகை வீடு நாலு மாறியும் கூடவே வந்திருக்கிறது. மனைவி ஒரு தடவை கேட்டாள், "அப்பிடி என்னாதான் இருக்கு அதுல?" எனக்கும் தெரியாது என்றேன். நம்பவில்லை.

செருப்புப் பொட்டலம் விழுந்த அன்று டப்பாவை எடுத்துப் பார்த்தேன். டேப்பின் பசை காய்ந்து ஓரம் தானாகவே எழும்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன். விட்டால் எழும்புகிறது. மகள் செருப்பைப் போட்டு நடந்து காட்டி, நல்லா இருக்காப்பா என்று கேட்டபோதும், ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.