ஆறு ஊசிக்கும் அசையாத ரத்தம்

ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலையில், தரையில் கிடப்பதில் எதைக் கையால் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் முதல் பாடம். என் மாதிரி துடைப்பக்காரிகளுக்கு இது தெரியும்.

கூச்சம்

வேலைக்குச் சேர்ந்ததும் எங்கள் எட்டுப் பேருக்கும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை போட்டார்கள். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஏழு பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது, எனக்கு இல்லை. மறுபடியும் மூன்று போட்டார்கள். அப்போதும் இல்லை. பரீட்சையில் தோற்ற மாதிரி தலைகுனிந்து நின்றேன். டாக்டரம்மாதான், "நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலீங்க. மருந்தைப் பிடிச்சு உடம்புக்கு அடையாளம் காட்டுற அமைப்பு அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. சிலருக்கு அது இந்த மருந்தைச் சரியாப் பிடிக்காது" என்றார்.

என்னோடு வேலை செய்யும் ஜெபராணி அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். வெளியே வந்ததும் சிரித்தாள்: "ஏட்டி, உன் ரத்தமும் உன்னைய மாதிரியே கூச்சப்பட்டு மூலையில உக்காந்திருக்கு போல!"

வெள்ளைத் தையல்

வீட்டில் சொன்னதும் மாமியார், "உங்க ஊட்டு ரத்தமே அப்படித்தானுங்க போல" என்றார்.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் இருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அவர் அம்மாவிடம் சொன்னார்: "காட்டன் பனியனைப் பாலியஸ்டர் நூல்ல தைச்சுட்டுச் சாயத்துல முக்குனா தையல் மட்டும் வெள்ளையாவே நிக்கும், அதுக்கு நூலைத் திட்டுவாங்களாம்மா?"

கம்பெனிப் பழக்கம்

கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தேன். அங்கே தையல் ஊசி உடைந்தால் மிஷின் நிற்கும். உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் மறுபடி ஓடும். குழந்தை உடுப்பில் ஒரு துண்டு போய்விட்டால் அவ்வளவுதான்.

அந்தப் புத்தி போகவில்லை. ஒருநாள் கட்டிலுக்கடியில் ஊசி மின்னியது. கையுறையோடு பிடிபடவில்லை என்று கழற்றிவிட்டு எடுத்து, பத்திரமாக உள்ளங்கையில் வைத்து சிஸ்டரிடம் கொண்டுபோனேன். போகிற வழியிலேயே குத்திவிட்டது. அந்தக் கட்டில்காரருக்கு அதே பி காமாலை. சிஸ்டர் என் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஏனுங்கம்மிணி, நோட்டுல ஒட்டறதுக்கா கொண்டாந்தீங்க?"

கேட்ட கேள்வி

மற்றவர்களுக்கு அவர்கள் ரத்தத்திலேயே காவல் இருக்கும். எனக்கு இல்லாததால், எதிர்ப்புச் சக்தி தயாராகவே இருக்கிற மருந்தை அன்றே ஊசியாகப் போட்டார்கள், ஒரு மாதம் கழித்து இன்னொன்று. ஆறு மாதம் போனால்தான் முடிவு தெரியும் என்றார்கள்.

வீட்டில் ஒன்றேகால் வயசுப் பையன். பால் கேட்டு மாராப்பைப் பிடித்து இழுக்கிறான், நான் தள்ளித் தள்ளி உட்காருகிறேன். பால் கொடுக்கலாம், அவனுக்குப் பிறந்தன்றே தடுப்பூசி போட்டாச்சு என்று டாக்டரம்மா சொன்னார். நான் அதுவரை எந்த டாக்டரிடமும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அன்று கேட்டேன், அவனுக்கும் என் உடம்பு வாகே வந்திருந்தால்? அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட பாதி, அவங்கப்பாகிட்ட பாதி வாங்கிட்டு வந்திருக்கான். நல்ல கேள்வி, பார்த்துடலாங்க."

இரண்டு சீட்டு

பையன் ரத்தத்தைப் பார்த்த சீட்டு நான்கு நாளில் வந்தது. அவனுக்கு எதிர்ப்பு நன்றாகவே இருந்தது. அன்றைக்குத்தான் அவனை மடியில் போட்டுக்கொண்டு வயிறாரப் பால் கொடுத்தேன்.

என் சீட்டுக்கு மீதி மாதங்கள் எல்லாம் காத்திருந்தேன். சிஸ்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்: "நோய் இல்லீங்கம்மிணி. எதிர்ப்பும் இல்லீங்க. போய்க் கையுறையை மாட்டுங்க."

ஊரெல்லாம் காவலை ரத்தத்தில் வைத்திருக்க, நான் மட்டும் தினமும் காலையில் அதை ஆணியில் இருந்து எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.