கம்யூனிட்டி என்று எழுதிய போர்டு

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஹார்டுவேர் கடையின் மேல்மாடியில், சில வருடம் நான் கோ-ஒர்க்கிங் இடம் ஒன்று நடத்தினேன். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேசை, நாற்காலி, வைஃபை, கரண்டு போனால் தாங்கும் பேட்டரி, டீ. மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் லேப்டாப்போடு வந்து தன் கம்பெனி வேலையைப் பார்க்கலாம். ‘மாதச் சீட்டு உண்டு’ என்று வாசலில் எழுதி வைத்தேன். முதல் வாரமே இரண்டு பெண்கள் ஏலச் சீட்டு என்று நினைத்து மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்கள். எங்கள் ஊரில் எந்த வார்த்தையையும் யோசித்துத்தான் எழுத வேண்டும். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை.

அதற்கு முன் பல வருடம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரத்தைத் தாண்டிப் போய் வேலை பார்த்தவள் நான். நின்றபடியே தூங்கக் கற்றுக்கொடுத்தது அந்த ரயில்தான். கொரோனாவுக்குப் பிறகு ஊரில் நிறையப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். வீடு என்றால் மிக்ஸி ஓடும், குழந்தை அழும், மீட்டிங்கின் நடுவில் யாராவது சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். இவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. என் பி.எஃப். பணம் முழுக்க அந்த மாடியில் போய் உட்கார்ந்தது.

வந்தார்கள், நிற்கவில்லை. ஒரு மாதம் கட்டுவார்கள், வீட்டில் சத்தம் அடங்கியதும் காணாமல் போவார்கள். வந்தவர்களும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்வார்கள். மதியம் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். சாவு வீட்டில்கூட இதைவிடப் பேச்சு இருக்கும்.

யாரோ சொன்னார்கள் என்று மாமல்லபுரத்தில் இதே மாதிரி நடக்கும் ஓர் இடத்தைப் பார்க்கப் போனேன். கல் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. உளிச் சத்தம் நிற்கவே இல்லை. அந்தச் சத்தத்திலும் வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்ப் பிள்ளைகளும் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். அதை நடத்திய பெண், “நாற்காலிய யார் வேணா விட்டுட்டுப் போயிடுவாங்க. பக்கத்து நாற்காலியில இருக்கற ஆளை விட்டுட்டுப் போக மனசு வராது. கம்யூனிட்டி இருந்தா வருமானம் தானா வரும்” என்றாள். நான் அந்த வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. சேர்ந்து சாப்பிட ஒரு நாள் வைத்தேன். வெள்ளிக்கிழமை வைத்தால் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள் என்று புதன்கிழமைக்கு மாற்றினேன். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் தம்பி ஒருவன் இருந்தான். கூச்சம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். என் பாக்ஸில் முதலில் கை வைத்தவன் அவன்தான். “அக்கா, கருவாட்டுக் கொழம்பு இன்னாமா கீது. வர்ற பொதனுக்கும் இதையே எட்த்துனு வா” என்றான். அதன்பிறகு டப்பாக்கள் மேசை மேசையாகச் சுற்றின. ஒருத்திக்கு வேலை போனபோது இன்னொருத்தி தன் கம்பெனியில் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து சேர்த்தார்கள். காலி நாற்காலியே இல்லாமல் போனது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒப்பந்தம் முடியப்போனது. கட்டிட ஓனர் கீழே கடையில் இருப்பவர், அறுபது தாண்டியவர். சாயங்காலம் மாடி ஏறி வந்து எங்களோடு டீ குடிப்பார். என்னை ‘நம்ம பொண்ணு’ என்பார். என் சொந்த ஊர் கருங்குழி என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தைப் புதுப்பித்து மொட்டை மாடி அறையையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். “ஆடி போகட்டும்மா. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து எய்திக்கலாம்” என்றார். அவர் கையெழுத்துப் போட்டால் என் பி.எஃப். பணம் பிழைக்கும். போடாவிட்டால் கண்ணாடித் தடுப்பும் வயரிங்கும் அவர் சுவரோடு போகும்.

மேல் அறையை நிரப்ப இப்போதே ஆள் சேர்த்து வைக்கலாம் என்று பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று அடித்து மாடி முகப்பில் கட்டினேன். ‘எங்கள் கம்யூனிட்டியில் சேர வாருங்கள்.’ சென்னை ஆபீஸ்களில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காது மழுங்கிப் போயிருந்தது. செங்கல்பட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாளே ஒரு பெரியவர் மகனுடைய டி.சி. நகலோடு வந்து, “கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் இங்கதான் குடுக்கறாங்களா?” என்றார். இ-சேவை மையத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன். அடுத்து ஓர் அம்மா மகளின் ஜாதகத்தோடு வந்தார். அந்தப் புதன்கிழமை பில் தம்பி இதையெல்லாம் நடித்துக் காட்டினான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

சாயங்காலம் ஓனர் வந்தார். டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, “இன்னாம்மா போர்டு அது? எந்த கம்யூனிட்டிக்கு?” என்று கேட்டார்.

“எல்லாருக்கும்தாங்க. சேந்து வேல செய்யறவங்கன்னு அர்த்தம்.”

“அத்த வுடு. நம்ம சங்கத்து ஆளுங்க கடையாண்ட வந்து கேட்டுகினு கீறாங்க, யார்து அதுன்னு. நீ இன்னா ஆளுங்கன்னு நானே இத்தினி நாளு கேட்டதில்ல பாரு. கருங்குழில எந்தத் தெரு?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். ‘ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம்’ என்பேன். கேட்டவர் மனசுக்குப் பிடித்த தெருவில் என்னைக் குடிவைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டலில், ரயிலில், வீடு தேடிய இடத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. இதில் வீரம் ஒன்றும் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். முகப்பில் நானே அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து என்னத்தை மறைப்பது?

“காலனிங்க” என்றேன்.

“ஓ” என்றார். “அதனால இன்னா. இப்பல்லாம் யாரு அத்தப் பாக்கறா.” மீதி டீயை முழுக்கக் குடித்தார். கிளாஸை அவரே கழுவி வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் கிளாஸ் கழுவியதில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கடையில் பார்த்துக் கேட்டபோது, “சுகரு ஏறிப்போச்சும்மா, டாக்டரு டீயே வாணாம்னுட்டாரு” என்றார். சுகர் யாருக்கும் ஏறக்கூடியதுதான். ஆனால் எதிர் டீக்கடையில் அவர் நிற்பது என் மேசை ஜன்னலிலிருந்து தெரியும். ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான் அவிழ்த்தேன்.

ஆவணி பிறந்தது. நல்ல நாளும் வந்தது. “தப்பா நெனச்சுக்காதம்மா. மருமவன் கிளினிக் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. வூட்டு மாப்ள பேச்ச தட்ட முடியல. நீ நல்ல பொண்ணு, எங்க போனாலும் பொயச்சுக்குவ” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, இளக்காரம் இல்லை. உண்மையான வருத்தம்கூட இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மாடியில் வேலை பார்ப்பவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பில் தம்பிக்கு ஓனர் தூரத்துச் சொந்தம். நான் பேசுகிறேன் என்று கொதித்துக்கொண்டு இறங்கினான். அரை மணி கழித்துச் சாதுவாக ஏறி வந்தான்.

“பெர்சு மேல தப்பு இல்லக்கா. நெசமாவே கிளினிக்குதான். ஜாதி பேச்சு ஒரு வார்த்த வரல. உன்னியப் பத்தி ஒசத்தியாத்தான் பேசுனாரு. நீதான் மனசுல இன்னாவோ வச்சிக்கினு கீற.”

என் குழம்பைத் தொட்டு இத்தனை நாள் சாப்பிட்ட பிள்ளை. பொய் சொல்லவில்லை. அவன் காதில் விழுந்தது அவ்வளவுதான். சொல்லாத வார்த்தைக்கு நான் என்ன சாட்சி கொண்டுவருவேன்? “சரிப்பா” என்றேன். மனசு அன்றைக்குத்தான் விட்டுப்போனது. ஓனரிடம் இல்லை, இவனிடம். கிளினிக் இன்றுவரை வரவில்லை. ஒருவேளை வரலாம்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி ஒரு மாடி காலியாக இருப்பதாகத் தெரிந்தது. வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அங்கே வருகிறோம் என்றார்கள். பில் தம்பிதான் என்னைப் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். அந்த ஓனர் லாட்ஜ் நடத்துகிறவர். வாடகை எவ்வளவு என்று முன்பே போனில் பேசி முடித்திருந்தோம். இடம் பிடித்திருந்தது. அட்வான்ஸை எடுத்து மேசையில் வைக்கும் முன், அவர் கேட்காமலே, நான் எந்த ஊர், எந்தப் பக்கம், யார் என்று சொல்லிவிட்டேன். பின்னால் தெரிந்து கிளாஸ் கழுவ வேண்டாமே.

அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். “அதெல்லாம் எதுக்குமா இங்க” என்று சிரித்தார். ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டே, கடலோரம் என்பதால் உப்புக் காற்றில் கம்பி, ஏ.சி. எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் வாடகை போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட வரும் என்றார்.

தம்பி குனிந்து, “பாத்தியாக்கா, அந்தாளு ஒண்ணுமே கண்டுக்கல” என்று என் காதில் சொன்னான்.

போனில் பேசும்போதும் அந்தக் கடல் அங்கேதானே இருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் உப்புக் காற்று என்றுதான் சொல்லியிருப்பார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.