புற்றுக்கு ஒரு சங்கு பால்

லோகநாயகியின் வீட்டுக் கொல்லையில் ஒரு புற்று இருக்கிறது. இன்று அதற்கு மேலே தகரக் கூரை, சுற்றிலும் இரும்புக் கிராதி, வெள்ளிக்கிழமையானால் தெருமுனை வரை வரிசை. உள்ளே இருப்பது யார் என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள், இன்னொருத்தி பக்கத்து வீட்டுக்காரியான நான்.

சிதம்பரத்தின் இந்த ஓரத்தில் முதலில் எங்கள் இரண்டு வீடுகள்தான் இருந்தன. லோகநாயகிக்குத் தலைப்பிள்ளை ஆண். ஒரு மழை நாளில் படுத்தபடியே பால் கொடுத்தவள், அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். பிள்ளைக்குப் புரையேறி மூச்சு நின்றுபோனது. பல் முளைக்காத பிள்ளையை அவர்கள் வழக்கத்தில் எரிக்கவும் மாட்டார்கள், ஊர் இடுகாட்டுக்குத் தூக்கிப்போகவும் மாட்டார்கள். அவள் புருஷன் சாமிக்கண்ணு கொல்லையிலேயே குழி வெட்டினான். அப்புறம் அவளுக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. சாமிக்கண்ணுவும் போய்ச் சேர்ந்தான்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிறு நிறையப் போடுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும், குழந்தைக்குப் புகட்டும் சங்கில் பால் எடுத்துப்போய், அந்த மண்ணில் சொட்டுச் சொட்டாக விடுவாள். ஒரே ஒரு சங்குதான். விட்டுவிட்டுக் குனிந்து கேட்பாள். "இருமுறான்க்கா" என்பாள். எனக்கு எதுவும் கேட்டதில்லை. ஆனாலும் மழை பெய்தால் அந்தப் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதில்லை.

பிறகு அந்த இடத்தில் கறையான் புற்று எழும்பியது. அவள் இடிக்கவில்லை, புற்றின் கண்ணிலேயே பாலை விட்டாள். பின்னால் குடிவந்தவர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, அவரவருக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் புதுப் பேருந்து நிலையமும் கடைகளும் கட்ட நகராட்சி இடம் தேடியது. எங்கள் தெருவை எடுப்பதா, ரயில் பாதைக்கு அப்பால் கிடக்கும் தரிசை எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சுவர்களில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். லோகநாயகி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். "பொக்லைன் வந்து அவன அள்ளி லாரியில கொட்டிடுமேக்கா" என்று ஒரே புலம்பல்.

அப்போதுதான் லாண்டரி சபாபதி தெருக் கூட்டத்தில் எழுந்தார். எதிலும் வேகம் ஜாஸ்தி அவருக்கு. "கோயில் இருந்தா கை வெக்க மாட்டாங்க. நம்ம ஆயா வாராவாரம் புத்துக்குப் பால் ஊத்துதே. நாகாத்தம்மா இங்கதான இருக்கா, இன்னும் என்னா யோசன?"

மறுநாளே புற்றுக்கு மஞ்சள், குங்குமம், சிவப்புச் சேலை, முட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையச் சொல்லிடு லோகா" என்றேன்.

"சொன்னா பொணம் பொதச்ச எடம்னு கோயில கலச்சிடுவாங்க. தெருவும் போயிடும், அவனும் போயிடுவான். யார் பேர்ல இருந்தா என்னாக்கா, அவன் இங்கயே இருந்தா போதும்."

அளக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெரு தப்பிவிடும் என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் தரிசு நிலமே போதும் என்று முடிவானது. சபாபதிக்கு மாலை மரியாதை நடந்தது. தெரு பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், என் வீடும் அதில் ஒன்றுதானே.

அந்த ஆடி வெள்ளிக்குக் காட்டுமன்னார்கோயிலிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள், குடம் குடமாகப் பாலோடு. கிராதிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. தன் கொல்லைப் புற்றை நெருங்க லோகநாயகி சங்கும் கையுமாக வரிசையில் நின்றாள். சபாபதி அவளைக் கண்டதும் ஓடி வந்தார், மரியாதையாகவே சங்கை வாங்கி, பாலை அண்டாவில் கவிழ்த்தார்.

"எல்லாம் ஒண்ணா அபிசேகம் ஆயிடும். நீங்க இப்பிடி ஓரமா நில்லுங்க ஆயா."

பம்பை முழங்க, நாலு பேர் அண்டாவைத் தூக்கிப் புற்றின் கண்ணில் சாய்த்தார்கள். பால் களக் களக்கென்று உள்ளே இறங்கியது. லோகநாயகி நகம் பதிய என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இவ்ளோ பால ஒரேடியா ஊத்துறாங்களே, புள்ளைக்குப் பொறையேறிடுமேக்கா!"

அந்த இருமல் அன்றைக்கு எனக்கும் கேட்டது.