சாம்பல் தெரிய வேண்டும்

வடசென்னை எர்ணாவூரில் ஒரு தெருவில் குடிசைகள் எரிந்து அணைந்த பிறகு, கையில் கம்பெனி கொடுத்த போனோடு நான் போய் இறங்கினேன். உருகிய பிளாஸ்டிக் நாற்றம் பஸ் நிறுத்தத்திலேயே மூக்கில் ஏறியது. எம்.கே.பி. நகரில் குப்பைப் புகையைக் குடித்து வளர்ந்தவள் நான், நாற்றத்துக்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. அந்த வேலையில் எனக்குக் குமட்டியது வேறு.

தீத் தடுப்பு, சேத மதிப்பீடு என்று ஒரு திட்டம். அதற்குக் கான்ட்ராக்டில் எங்களை எடுத்திருந்தார்கள். ஏசி ஹாலில் உட்கார வைத்து, சமோசா கொடுத்து, போனில் ஆப்பை எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது எங்கேயோ காட்டுத் தீக்காகச் செய்த ஆப். திறந்தால் முதல் கேள்வியே, எரிந்தது என்ன வகை மரம் என்பதுதான். கன்டெய்னர் லாரி புழுதி அப்பிய ஊரில் நான் எந்த மரத்தைச் சொல்வது? தீ கிளம்பியது என்னவோ குடிசைகளுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த வேலிக்காத்தான் முள்புதரில். வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். அந்தப் புதரைப் பதிவு செய்யப் பார்த்தேன். காடு, தோட்டம், வீடு என்று மூன்றே மூன்று இருந்தன. புதர் மூன்றிலும் சேரவில்லை, விட்டுவிட்டேன்.

வீட்டைப் படம் எடுத்தால் ஆப் தானாகவே நிறம் சொல்லும். சிவப்பு என்றால் முழுதாக எரிந்தது, மஞ்சள் என்றால் பாதி, பச்சை என்றால் சேதமே இல்லை. சிவப்பு விழுந்த வீட்டுக்குத்தான் கூரைத் தகடும் கம்பமும் கிடைக்கும்.

தெருக்கோடியில் ஒரு மீன்காரக்கா வீடு. விடியலில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்கிறவர். வீடு தரைமட்டமாக எரிந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் போனபோது அங்கே ஒரு துளிச் சாம்பல் இல்லை. சவுக்குக் கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டி, தரையைப் பெருக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் கோலம் போட்டிருந்தது.

"பொண்ணுக்கு வளைகாப்பு முடிஞ்சி இட்டுகினு வராங்கமே. புள்ளத்தாச்சிப் பொண்ணு எரிஞ்ச வூட்ல கால வெக்கலாமா? தெருப் பொம்பளைங்க அல்லாரும் சேந்து ஒரே நாள்ல வழிச்சித் தள்ளிட்டோம்" என்றார். அந்தத் தெருவில் அது வழக்கம். யார் வீட்டில் தீப்பிடித்தாலும், கர்ப்பிணி இருக்கிற வீட்டைத்தான் எல்லோரும் முதலில் சுத்தம் செய்வார்கள். தங்கள் வீட்டுச் சாம்பலை அப்படியே போட்டுவிட்டு வந்து அவருக்குக் கைகொடுத்திருந்தார்கள்.

படத்துக்காக அக்கா தலை வாரிக்கொண்டு வந்து தார்ப்பாய்க்கு முன்னால் நின்றார். படம் எடுத்தேன். பச்சை விழுந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். "எனக்குப் புரியுது மேடம், சிஸ்டத்துக்குப் புரியாது. போட்டோவுல சாம்பல் தெரியணும். பழையபடி கொட்டச் சொல்லி எடுத்து அனுப்புங்க. வெரிஃபிகேஷன் டீம் வர்ற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்" என்றார். பின்னணியில் யாரோ டீ வேண்டுமா என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

"பெருக்கித் தள்ன கலீஜ மறுபடியும் வூட்டுக்குள்ள கொட்டச் சொல்றியா?"

"அப்பதான் தகடு வரும்க்கா."

கூடையை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனார். அவர் வீட்டுச் சாம்பல், தெருவில் சிதறிக் கிடந்து வாரிய கருகலோடு சேர்ந்து அங்கேதான் குவிந்து கிடந்தது. நாய்கள் கிளறி அசிங்கம் செய்துவைத்திருந்தன. அதிலிருந்து அள்ளிவந்து மஞ்சள் தண்ணீர் தெளித்த தரையில் கொட்டினார். யார் வீட்டுக் குடமோ, உருகி வளைந்தது ஒன்று. யார் படுத்த மெத்தையோ, கருகிய துண்டு ஒன்று. கோலத்தின் மேலும் கொட்டினார். நான் மறுபடி படம் எடுத்தேன். உடனே சிவப்பு. வீடு எரிந்தது என்று தெருவே சொன்னபோது வராத நம்பிக்கை, கலீஜை அள்ளி அவர் வீட்டிலேயே போட்ட பிறகு அந்தப் போனுக்கு வந்துவிட்டது. தூ என்றிருந்தது எனக்கு.

சாம்பல் கையோடு அவர் நிமிர்ந்தபோது ஆட்டோ வந்து நின்றது. முழங்கை வரை கண்ணாடி வளையலோடு மகள் இறங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "பக்கத்து வூட்ல இரு கண்ணு, அதுல நெருப்பு புடிக்கல. ரெண்டே நாளு" என்றார் அம்மா.

அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. தினமும் மீன் விற்றுத் திரும்பியதும் அக்கா எனக்குப் போன் போடுவார். "இன்னிக்குப் பெருக்கலாமா?" நான் சூப்பர்வைசரைக் கேட்பேன். டீம் வந்துகொண்டே இருப்பதாகச் சொல்வார். நடுவில் ஒரு மழை பெய்து சாம்பல் கறுப்புச் சேறானது. ஈ மொய்த்தது. மகள் பக்கத்து வீட்டில் ஒரு மூலையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். அம்மா சேற்றில் பலகை போட்டு உட்கார்ந்து வீட்டைக் காவல் காத்தார்.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து பேசினார்.

"பேரன் பொறந்துகிறான். நாளைக்கி வூட்டுக்கு அனுப்பறாங்க. இப்பவாச்சும் பெருக்கலாமா?"

நான் யாரையும் கேட்கவில்லை. "பெருக்குங்கக்கா" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

டீம் அதற்குப் பிறகுதான் வந்தது. காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, மூக்கைக் கர்சீப்பால் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். பச்சை. அக்காவுக்குத் தகடு கிடையாது. ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன். சூப்பர்வைசர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடியே பேசினார். "முதல் போட்டோ பச்சை, கடைசி போட்டோ பச்சை. நடுவுல மட்டும் சிவப்பு. சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி எடுத்த மாதிரி இருக்கு மேடம். பொய்ப் பதிவுன்னு தள்ளிட்டாங்க." கொட்டச் சொன்னவர் அவர்தான் என்று சத்தம் போட்டேன். எழுதிக் கொடுத்தேனா என்று கேட்டுவிட்டு எலும்பைக் கடித்தார். அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஆறு மாதம் கழித்துத் தீத் தடுப்பு விழிப்புணர்வு என்று நோட்டீஸ் அடித்து எங்கள் கையில் கொடுத்தார்கள். தீ விபத்துக்குப் பின் படம் எடுக்கும் வரை வீட்டைச் சுத்தம் செய்யாதீர்கள் என்பதுதான் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. வீடு வீடாகப் போய் விளக்க வேண்டுமாம். தெருக்கோடியில் அதே நீலத் தார்ப்பாய், வெயிலில் வெளுத்து ஓரம் கிழிந்திருந்தது. அக்கா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"செரி. அடுத்த தபா எரியட்டும், அப்டியே வுட்டுடறேன்" என்றார்.

நோட்டீஸை வாங்கித் தார்ப்பாயின் கிழிசலில் செருகினார். கிழிசல் வழியே பின்னால் அந்தப் புதர் தெரிந்தது. வேலிக்காத்தான் மறுபடி தழைத்து இடுப்பளவுக்கு வந்திருந்தது. அதற்குள்ளிருந்து வயர் கொளுத்துகிற புகை வந்துகொண்டிருந்தது.