மஞ்சள் கொடிக்கு ஒரு பிராது

எங்கள் தெருமுனையில் எட்டு மூலை கொண்ட சிவப்புப் பலகை ஒன்று நிற்கிறது. 'ஸ்டாப்' என்று எழுதியிருக்கும். சுற்றிலும் சோள வயல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டி கிடையாது. ஆனாலும் பக்கத்து வீட்டு டோனா அங்கே காரை அசையாமல் நிறுத்தி, மூன்று வரை எண்ணி, இடம் வலம் பார்த்த பிறகுதான் கிளம்புவார். அறுபத்தெட்டு வயது. புல் வெட்டும்போதுகூடக் காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்வார். என் மூன்று வயது மகள் யாழினி தலைக்கவசம் இல்லாமல் சைக்கிளில் வாசலில் இறங்கியதற்காக என்னை அன்போடு கண்டித்தவர். அதே டோனா சனிக்கிழமை மாலை பந்தயத் திடலின் அலுமினிய பெஞ்சின்மேல் ஏறி நின்று, "இடிச்சுத் தள்ளுடா அவன!" என்று தொண்டை கிழியக் கத்துவார். கீழே ஓட்டிக்கொண்டிருப்பது அவருடைய மகன் வேட். அமெரிக்காவில் இந்த வட கரோலினாவுக்கு வந்து ஐந்து ஆண்டுகளாகியும் இந்த இரண்டு டோனாவையும் ஒரே ஆளாகப் பார்க்க எனக்குப் பழகவில்லை.

ஸ்டாக் கார் பந்தயம் என்றால் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. வெளியே பார்த்தால் சாதாரணக் கார். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் ஒரே ஒரு இருக்கையும்தான். வட்டப் பாதையில் இருபது கார்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு சுற்றும். என் கணவர் இளங்கோ வேப்பூர்க்காரர். சின்ன வயதில் நெடுஞ்சாலை ஓரம் நின்று, ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொன்னவர். இங்கே கம்பெனி நண்பர் ஒருவரிடம் பழைய பந்தயக் காரை வாங்கி, ஆகக் கடைசிப் பிரிவில் ஓட்டத் தொடங்கினார். நான் அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு நிபந்தனை போட்டேன். நீங்கள் ஓட்டினால் பந்தயத்துக்கு முன் கார்களைப் பரிசோதிக்கும் குழுவில் நானும் இருப்பேன்.

அவர்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. இருக்கைப் பட்டையில் காலாவதித் தேதி, கழுத்து முன்னால் வெட்டி ஒடியாமல் பிடிக்கும் வார், ஜன்னல் வலை, கூண்டின் பற்றவைப்பு. எல்லாம் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் கார் பாதைக்குள் போகும். விருத்தாசலத்தில் செராமிக் படித்துவிட்டு இன்சுலேட்டர் செய்யும் இடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் சின்னக் கட்டையால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்லது, மொட்டையாகக் கேட்டால் உள்ளே விரிசல். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கூண்டுக் குழாயைத் தட்டினேன். திடலின் முதலாளி ராண்டி சிரித்துவிட்டார். "கதவைத் தட்டுறியாம்மா? உள்ள யாரும் இல்ல." அன்றிலிருந்து எனக்குத் 'தட்டுகிற பெண்' என்று பெயர்.

எனக்கு இந்த வேகத்தின்மேல் அருவருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் ருசி எனக்குத் தெரியும் என்பதுதான் என் பயமே. கல்லூரியின் கடைசித் தேர்வு நாளன்று வேப்பூரில் சித்தி வீட்டிலிருந்து தனியார் பஸ்ஸில் கிளம்பினேன். எங்களுக்கு முன்னால் அதே நேரத்தில் இன்னொரு பஸ். இரண்டும் ஒரே ஆட்களுக்குப் போட்டி. எனக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது. "அண்ணா, அவன வுடாதீங்க, முந்துங்க!" என்று முதலில் கத்தியது நான். பின்னால் முழு பஸ்ஸும் கத்தியது. ஒரு பெரியவர் சீட்டைத் தட்டி, "போடுறா ராஜா!" என்றார். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்து வலப்பக்கம் ஒடித்தார். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர். முன்கண்ணாடி வெடித்தது. கரும்புகள் ஈட்டி ஈட்டியாக உள்ளே பாய்ந்தன. முன்கண்ணாடியோரம் கம்பியைப் பிடித்து நின்ற கண்டக்டரின் கை, கம்பிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. அவர் அலறவில்லை. டிக்கெட் கட்டை விழுந்துவிட்டது என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். துப்பட்டாவில் அவர் ரத்தத்தோடு தேர்வு எழுதினேன். முதல் வகுப்பு.

போன கோடையில் கூட்டம் குறைந்தது. ராண்டி எங்களை அழைத்தார். ஓட்டுநர்கள், பரிசோதனைக் குழு, டோனா மாதிரிப் பழைய ரசிகர்கள் என்று முப்பது பேர். ஏதாவது கார் சுழன்று நின்றால் மஞ்சள் கொடி காட்டுவார்கள், எல்லோரும் வேகம் குறைத்து வரிசையில் வரவேண்டும். "கடைசிப் பத்துச் சுற்றில் மஞ்சள் கொடி வேண்டாம். பாதை முழுசா அடைச்சுக்கிட்டா மட்டும் நிறுத்துவோம். வண்டிய பார்க் பண்றத பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?" என்றார் ராண்டி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திடலை மூடினால் அந்தச் சின்ன ஊரில் சனிக்கிழமை என்று ஒன்று இருக்காது. இளங்கோ எழுந்து, அதுதான் சரி என்று ஆமோதித்தார். "பாதுகாப்புக் குழு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் ராண்டி. நின்ற காரின்மேல் வேகம் குறையாத கார் மோதினால் எந்தப் பட்டையாலும் காப்பாற்ற முடியாது என்பது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் முப்பது பேர் நடுவில், கணவர் இப்போதுதான் சொல்லி உட்கார்ந்ததை எப்படி மறுப்பது? வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று குனிந்துகொண்டேன். இங்கே பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். 'பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

வீட்டிலும் சரியாகச் சொல்லவில்லை. அவர் சிரித்தார், நான் அடங்கிவிட்டேன். பிறகு செய்த காரியம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் புரியும். அம்மாவுக்குப் போன் போட்டு, மணவாளநல்லூர் முருகன் கோயிலில் பிராது கட்டச் சொன்னேன். வெள்ளைத்தாளில் இன்னார், இன்ன ஊர், இன்ன குறை என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதுவதுபோல் எழுதி, சாமி முன் வைத்து வாங்கி, அங்கேயே உள்ள முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். குறை தீர்ந்ததும் திரும்பப் போய், பிராதை வாபஸ் வாங்குவதாக ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மாப்ளைக்கு ஒன்னும் ஆவக்கூடாது, இந்தக் கார் சனியன் ஒழியணும். அவ்ளோதான? நாளைக்கே போயிட்டு வரேன்" என்றார் அம்மா.

நிம்மதியாகத் தூங்கினேன். கேட்க வேண்டிய ஆள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வாயை மூடிக்கொண்டு, கடல் கடந்து புகார் கொடுத்தவள் நான்.

புது விதி வந்த மூன்றாவது சனிக்கிழமை. இன்னும் ஆறு சுற்று. நான் உள்மைதானத்தில் நின்றேன், யாழினி மேலே டோனாவின் மடியில். நாலாவது வளைவில் ஒரு கார் பின்னாலிருந்து இடிக்க, வேட்டின் கார் சுழன்று, ஓட்டுநர் கதவைப் பாதைக்குக் காட்டியபடி நின்றுவிட்டது. கொடிக்காரர் கையில் மஞ்சள் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை, விதி அப்படி. முதல் கார் விலகியது, இரண்டாவது விலகியது. புகைக்குள்ளிருந்து மூன்றாவதாக வந்தது இளங்கோ. நேராக அந்தக் கதவில் பாய்ந்தார். ஒரு லாரிச் சுமை ஓடு கொட்டியது போன்ற சத்தம். இரண்டு காரும் தரையைவிட்டு எழும்பி விழுந்தன. சக்கரம் ஒன்று தனியே கழன்று வேலியில் அடித்தது. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது, பிறகு ஒரே மூச்சில் அடங்கியது.

இளங்கோ தானாக இறங்கினார். பட்டை, கழுத்து வார், கூண்டு எல்லாம் பிடித்திருந்தன. வேட்டின் கதவு இருக்கை வரை உள்ளே போயிருந்தது. கூண்டை அறுத்துத்தான் எடுத்தார்கள். ரம்பத்தின் தீப்பொறிக்கு நடுவே வேட் கத்திய கத்தல் இன்னும் கேட்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாயிலிருந்து நுரையாக ரத்தம். அவர் காரையும் நான்தான் பரிசோதித்திருந்தேன், தாளில் என் கையெழுத்து இருந்தது. மேலே பார்த்தேன். டோனா தன் கண்ணை மூடவில்லை, என் மகளின் கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார்.

இடுப்பெலும்பு, கால், நுரையீரல். வேட் பிழைப்பாரா என்று தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் இளங்கோ சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்போல் இரண்டு கையையும் இறுக்கியபடி உட்கார்ந்திருப்பார். அம்மா போனில் சந்தோஷப்பட்டார். "மாப்ள பொழச்சிட்டாரு, காரும் ஒழிஞ்சிச்சி. முருகன் கேட்டுட்டாருடி. ராஜினாமா குடுத்துடட்டா?" வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். டோனாவுக்குச் சோறு செய்து எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டதும் கையைத் தட்டிக்கொடுத்து, "இதுதான் பந்தயம், ஹனி" என்றார். மன்னித்தாரா, பேச்சை முடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விபத்தின் வீடியோ பரவி, அடுத்த வாரம் பெஞ்சு நிறைந்தது. ராண்டி மறுபடி கூட்டினார். வருத்தம் தெரிவித்துவிட்டு, விதி அப்படியே இருக்கட்டும் என்றார். "பாதுகாப்புக் குழு?" எழுந்தேன். மஞ்சள் கொடி திரும்பி வராவிட்டால் இனி ஒரு தாளிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். யாரோ "தட்டுற பொண்ணுக்குக் கோபம் வந்துடுச்சு" என்றார்கள், சிரிப்பு எழுந்தது. இளங்கோ என் கையைப் பிடித்துத் தமிழில் மெல்ல, "கவி, ஒக்காரு. வூட்ல பேசிக்கலாம்" என்றார்.

"வூட்ல பேசிக்கலாம்னு இருந்ததுனாலதாங்க இப்டி ஆச்சு."

அவர் கையை விட்டார். பிறகு அவரே எழுந்து, "என் மனைவி சொல்வது சரி. இடித்தது நான்" என்றார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மஞ்சள் கொடி திரும்பி வந்தது. இப்போது அதைக் காட்டும்போதெல்லாம் கூட்டம் ஊளையிடுகிறது. பெஞ்சில் பாதி காலி. திடல் அடுத்த கோடைவரை தாங்குமா என்று ராண்டிக்கே தெரியவில்லை. நான் காப்பாற்றினேனா, கெடுத்தேனா? நாளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வேட் இன்னும் நடக்கவில்லை. போன ஞாயிறு அம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னொரு பிராது கட்டணும்மா."

"பேரு சொல்லு."

"வேட்."

"இது என்னாடி பேரு, கூப்புட்ட ஒடனே முடிஞ்சிபோவுது. செரி, கொற?"

"இடுப்பு கூடணும். எழுந்து நடக்கணும்."

"யாரு மேல பிராது?"

"எம்மேல எழுதும்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அம்மா அதை அணைக்கப் போகவில்லை. "பைத்தியமாடி ஒனக்கு? பெத்த பொண்ணு மேல நானே பிராது கட்டவா?"

"வாயத் தொறக்க வேண்டிய எடத்துல தொறக்கல. எழுதும்மா."

பிறகு தாளை நீவும் சத்தம் கேட்டது. "வெலாசம் என்னா போடறது? நம்ம வூட்டுதா, அந்தூர்தா?"

இந்த ஊர் விலாசத்தை ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அம்மா குறுக்கிட்டார்: "இரு, ரெண்டையும் எழுதிடறேன். நீ எங்க இருக்கியோ அங்க வந்து கேக்கட்டும்."