அப்பாவுக்குத் தெரிந்த ஆமி

ஈரத்தோலும் வியர்வையும் முகப்பவுடரும் சேர்ந்து சூட்டில் காய்ந்தால் ஒரு மணம் வரும். எண்பதுகளின் நடுப்பகுதியில், கனடாவின் ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கத்து அடுக்குமாடியொன்றில் நாங்கள் இருந்த வீட்டில், பனிக்காலம் முழுக்க அந்த மணம்தான். அப்பா வேலையால் வந்ததும் வலது பக்கத்துப் பொய்க்காலைக் கழற்றி, யன்னலுக்குக் கீழே இருந்த "ஹீற்றர்" மேல் சாய்த்து வைப்பார். அதன் தோல்வார்களும் உள்ளே போடுகிற கம்பளி உறையும் விடிவதற்குள் காயவேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் முழங்காலடியில் தோல் உரிந்துவிடும். "கோதாரி விழுந்த கால், வீட்டையே நாறடிக்குது" என்று அம்மா புறுபுறுப்பா, புறுபுறுத்துக்கொண்டே அந்த வார்களைத் திருப்பித் திருப்பிக் காயவைப்பதும் அவதான்.

அப்பாவுக்கு நகர மையத்தில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில், கண்ணாடிப் பெட்டிபோன்ற அறைக்குள் இருந்து காசு வாங்குகிற வேலை. இருந்து செய்கிற வேலை கிடைத்தது பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் ஏறி இறங்கவேண்டும், உறைபனியில் பொய்க்காலுக்கு நிலம் தெரியாது என்பதை யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் கதைக்கவும் அவருக்குத் தெம்பிராது, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவார்.

அந்தக் காலம் எங்கள் கட்டடத்துக்கு ஊரிலிருந்து புதிது புதிதாகக் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் நடையைப் பார்த்தார்கள். கால் இல்லாமல் வந்த தமிழனிடம் கால் எப்படிப் போனது என்று கேட்க அன்று யாருக்கும் வாய் வராது. இயக்கத்துச் சண்டையில் நாட்டுக்காகப் போனது என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். லிஃப்டில் "அண்ணை முதல்ல ஏறட்டும்" என்று விலகி நிற்பார்கள், சாமான் பைகளைப் பறித்து வாசல்வரை கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன், ஆனால் ஒருத்தரும் கேட்கவில்லையே!

உண்மையில் அந்தக் கால் போனது நான் பிறப்பதற்கு முன்னர், சண்டை என்ற பேச்சே இல்லாத காலத்தில், அப்பா இலங்கை இராணுவத்தில் இருந்தபோது. வேறு வேலை கிடைக்காமல், உயரமான ஆள் என்று எடுத்தார்களாம். மலைநாட்டில் ஒரு முகாம். அணிவகுப்புப் பழகுவது, பாதையோரக் கற்களுக்கு வெள்ளை அடிப்பது, வெள்ளம் வந்தால் அரிசி மூட்டை சுமப்பது, இவைதான் வேலை. விளையாட்டுப் போட்டிக்கு மடக்குக் கதிரைகள் ஏற்றிவந்த லொறி ஒரு வளைவில் பிரண்டது, அப்பா கதிரைகளுக்குக் கீழே கிடந்தார். இதில் வீரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைக்க வந்தவர்களிடம், "நானும் பழைய ஆமிக்காரன்" என்று படலையில் நின்று சிங்களத்தில் சொன்னாராம். சிரித்தார்களாம்.

கனடாவுக்கு வந்து சில வருடங்களின் பின், ஒரு விழாவுக்கு அப்பாதான் விளக்கேற்ற வேண்டும் என்று கேட்டு, வேட்டி கட்டிய மூன்று நாலு பேர் பனிச்சப்பாத்துகளுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் போனபின் அம்மா கெஞ்சினா. "ஒண்டும் கதைக்காமல் போய் விளக்கேத்திப்போட்டு வாங்கோ. இந்தச் சனத்தை விட்டா எங்களுக்கு இங்க ஆர் இருக்கினம்?" அப்பா தலையாட்டினார். போனார். பள்ளிக்கூட மண்டபம் நிறையச் சனம். அப்பாவின் தியாகத்தைப் பற்றி ஒருவர் முழங்கித் தள்ளிவிட்டு மைக்கை நீட்ட, அப்பா அதை வாங்கினார்.

"என்ர கால் ஆமியில இருக்கேக்க போனது. நான் ஆமியில இருந்தனான். கதிரை ஏத்தின லொறி பிரண்டது, வேற ஒண்டும் இல்லை. நான் விளக்கேத்துறது சரியில்லை."

மேடைப் படியில் அவர் இறங்க எடுத்த நேரம் எனக்கு ஒரு யுகம். எங்களைக் காரில் கூட்டிவந்தவரைக் காணவில்லை, பஸ்ஸில்தான் திரும்பினோம். "உங்களுக்கென்ன விசரோ?" என்று அம்மா வழிநெடுக அழுதா. "களைச்சுப்போனன்" என்றார் அப்பா, அவ்வளவுதான்.

பிறகு லிஃப்டில் எல்லோரும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஆமிக்காரன்ர பெட்டை" என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். எங்கள் வாசலுக்கு யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில்தான், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கீழ்மாடியில் இருந்த மலர் அன்ரி வந்து கதவைத் தட்டினா. அன்ரியும் மகளும் கனடாவுக்கு வந்துவிட, பல்கலைக்கழகம் போக எடுக்கிற ஏஎல் சோதனைக்காக ஊரில் நின்ற மகன் ரவியை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது கட்டடம் முழுக்கத் தெரிந்த விசயம். ஏசத்தான் வந்திருக்கிறா என்று நினைத்து அம்மா என்னை அறைக்குள் போகச் சொன்னா, நான் போகவில்லை. அன்ரி கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தா.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்க இருந்தனீங்கள். பிடிச்சுக்கொண்டு போற பெடியளை எங்க வைச்சிருப்பாங்கள்? சாப்பாடு குடுப்பாங்களோ?"

அப்பா தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"குடுப்பினம் தங்கச்சி. விடிய விசிலடிச்ச உடன பிளேன்ரீ. பிறகு பாணும் பருப்பும். மலைக்குளிர்தான், ஆனா ஆளுக்கு ரெண்டு போர்வை. ஒருக்கா வெறியில சண்டை பிடிச்ச ஒருத்தனை அடைச்சு வைச்சவை, நான்தான் காவல். எங்களுக்கு வந்த சாப்பாடுதான் அவனுக்கும்."

"அடிக்கேல்லையோ?"

"சீச்சீ. அவனும் நானும் காட்ஸ் விளையாடினனாங்கள்."

அன்ரி போனபிறகு அம்மா கேட்டா, "ஏன் அவளுக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"பொய் எங்க சொன்னனான்? எனக்குத் தெரிஞ்ச ஆமி அதுதான்."

அடுத்த சனிக்கிழமையும் அன்ரி வந்தா. அதற்கடுத்ததும். அப்பா பாவம், சேமித்து வைத்திருந்த முகாம் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைத்தார்: ஞாயிற்றுக்கிழமைக் கரப்பந்து, தமிழ்ப் பாட்டுக்கு ரேடியோவைத் திருப்பி வைக்கும் சிங்களச் சமையற்காரன், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி. வாரம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைவிட அந்த ஒரு மணித்தியாலம் அவரை முறித்துப்போட்டது. சனிக்கிழமை என்றாலே அவர் முகம் கறுத்துப்போகும். ஊரிலிருந்து வருகிற செய்திகள் ஒன்றும் இந்தக் கதைகளோடு சேரவில்லை, அது பன்னிரண்டு வயதான எனக்கே தெரிந்திருந்தது.

கடைசியில் ஒருநாள் அவர் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, நான் இருந்தது வேற காலம். இப்ப இருக்கிறவங்களை எனக்குத் தெரியாது. ரவியை என்ன செய்தவங்கள் எண்டும் தெரியாது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அம்மா குசினிக்குள் அப்படியே நின்றுவிட்டா. அன்ரி அழவில்லை.

"உது எனக்குத் தெரியாதோ அண்ணை? மற்ற எல்லாரும் பெடியளுக்கு என்ன செய்யிறவங்கள் எண்டுதான் எனக்குச் சொல்லுகினம். அவன் சாப்பிட்டான் எண்டு சொல்ல நீங்கள் ஒராள்தான் இருக்கிறியள். சொல்லுங்கோ."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, விடியற்காலை விசிலிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, அதில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சண்டை பிடிக்காத ஓர் ஆமியை உள்ளே இருந்து கண்ட தமிழர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், எனக்குத் தெரிந்து கடைசி ஆள் அப்பாதான். மலர் அன்ரி இப்போது விட்பியில் மகளோடு இருக்கிறா. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து, மற்றவர்கள் எழும்பிப் போனபின்னும் பெட்டியடியில் அசையாமல் இருந்தா. ரவியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணையும் போயிட்டார் பிள்ளை, இனி அவனுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?" என்று கேட்டா.